விட்டுக்கொடுக்கச் சொல்வதற்கு முன்

"கோடு கச்சேரி ஏறாமல் நமக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்வோம்." அம்பாறைக் கரையோர ஊர்களில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை, வேலி எல்லையோ வாய்க்கால் தண்ணீரோ கைமாற்றுக் காசோ கணவன் மனைவி பிணக்கோ, எது முளைத்தாலும் முதலில் எழுவது இதுதான். நல்ல பேச்சுத்தான். ஆனால் யார் யாரிடம் சொல்கிறார் என்பதைப் பொறுத்து அதன் பொருள் அடியோடு மாறிவிடுகிறது. கடன் கொடுத்தவர் கடன்பட்டவரிடம் சொன்னால் அது இரக்கம். அடுத்தவர் வளவில் நான்கு அடி உள்ளே தள்ளி மதில் கட்டியவர், உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிற ஒரு விதவையிடம் அதையே சொன்னால் அது மிரட்டலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இரண்டு இடத்திலும் வார்த்தை ஒன்று, தொனி ஒன்று, சொல்பவர் எடுத்துக்காட்டும் மார்க்க ஆதாரமும் ஒன்று. ஆகவே மார்க்கத்தின் பெயரால் சமாதானம் பேசுகிற நாம் ஒரு கேள்வியை நேராகக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இஸ்லாம் சமாதானத்தை நீதிக்கு மேலே வைக்கிறதா? அப்படி வைக்கவில்லை என்பதும், நீதியின் வாசல் திறந்திருக்கும் இடத்தில் மட்டுமே சமாதானத்துக்குச் சமாதானம் என்ற பெயர் பொருந்தும் என்பதும் என் முடிவு. அதற்கான காரணங்களை நம் மூலங்களிலிருந்தே எடுத்துக்காட்ட முடியும்.

பள்ளிவாசல் மிம்பர்களில் சுல்ஹை, அதாவது சமாதானத்தைப் பற்றிப் பேசும்போது தவறாமல் வரும் வசனம் சூரத்துன் நிஸாவின் 128ஆவது. சமாதானமே மேலானது என்ற கருத்து அதில் இருக்கிறது. ஆனால் அந்தக் கருத்து எந்த இடத்தில் வருகிறது என்பதைப் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். கணவன் தன்னை வெறுத்து ஒதுக்கிவிடுவானோ என்று அஞ்சுகிற ஒரு பெண்ணைப் பற்றிய வசனம் அது. அவளும் கணவனும் தங்களுக்குள் ஓர் இணக்கத்துக்கு வந்தால் அவர்கள் மீது குற்றமில்லை என்று அது சொல்கிறது. குற்றமில்லை என்பது அனுமதியின் மொழி. அவள் இணங்கியே ஆக வேண்டும் என்ற கட்டளை அங்கே இல்லை. அதே அத்தியாயத்தின் 135ஆவது வசனம் கட்டளையின் மொழியில் பேசுகிறது: உங்களுக்கே எதிராக இருந்தாலும், பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும், எதிரில் நிற்பவர் செல்வந்தரோ ஏழையோ, நீதியில் உறுதியாக நில்லுங்கள் என்பது அதன் சாரம். சூரத்துல் ஹுஜுராத்தின் 9ஆவது வசனம் இரண்டையும் சேர்த்தே வைக்கிறது. மோதிக்கொள்ளும் இரு சாராருக்கிடையே சமாதானம் செய்யச் சொல்லும் அந்த வசனம், அத்துமீறுகிறவனைத் தடுத்த பிறகு நீதியோடு சமாதானம் செய்யுங்கள் என்று நிபந்தனை போடுகிறது. அத்துமீறல் நிற்காமல் கை குலுக்க வைப்பதற்கு அந்த வசனத்தில் இடமே இல்லை.

அப்படியானால் நீதிமன்றமே போதுமே, சுல்ஹு எதற்கு என்று கேட்கலாம். இதற்கான பதிலை நபி (ஸல்) அவர்களே தந்திருக்கிறார்கள். உம்மு ஸலமா (ரழி) அறிவிக்கும் ஹதீஸில், தாமும் ஒரு மனிதரே என்றும், வழக்கோடு வருபவர்களில் ஒருவர் மற்றவரைவிட வாதத்தில் வல்லவராக இருக்கக்கூடும் என்றும், தாம் கேட்டதை வைத்தே தீர்ப்பளிப்பதாகவும், அதனால் ஒருவருடைய உரிமை இன்னொருவருக்குப் போய்விட்டால் அவர் பெற்றுச் செல்வது நெருப்புத் துண்டுதான் என்றும் சொன்னார்கள். தீர்ப்பின் எல்லையை ஒரு நீதிபதி இவ்வளவு திறந்த மனதோடு ஒப்புக்கொண்டதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. அபூதாவூதில் இதே செய்தி ஒரு சம்பவத்தோடு வருகிறது. பழைய வாரிசுச் சொத்துக்காக இருவர் வந்தார்கள். இருவரிடமும் சாட்சி இல்லை. நபியவர்களின் வார்த்தையைக் கேட்டதும் இருவரும் அழுதார்கள். என் பங்கு உனக்கே என்று ஒருவருக்கொருவர் சொன்னார்கள். அப்போது நபியவர்கள், பங்கிட்டுக்கொள்ளுங்கள், சரியானதை நாடுங்கள், சீட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு ஒருவரை ஒருவர் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று வழிகாட்டினார்கள்.

நம் பகுதியின் காணிப் பிணக்குகளைப் பார்த்தவர்களுக்கு இந்த ஹதீஸ் ஏதோ பழைய காலத்துச் செய்தியாகத் தோன்றாது. கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒடுங்கிய நிலத்துண்டில் சனம் நெருங்கி வாழ்கிறது. மகள்மாருக்கு வீடு கொடுக்க வேண்டும் என்பதால் ஒரு வளவு இரண்டாகி நான்காகிறது. வாய்ச்சொல்லால் பிரித்த பங்குகள், உறுதி எழுதாமலே மௌத்தான வாப்பாமார், சுனாமியில் கதியாலோடும் கல்லோடும் அடித்துச் செல்லப்பட்ட எல்லைகள். இலங்கையில் பங்குபிரிப்பு வழக்கு என்றால் போட்டவர் முடிவைக் காணமாட்டார் என்பது ஊரறிந்த செய்தி. தவணைக்கு மேல் தவணை போகும். வழக்காளி மௌத்தானால் அவர் வாரிசுகள் கட்சிகளாகச் சேர்க்கப்படுவார்கள். கடைசியில் வரும் தீர்ப்பு, இருக்கிற ஆவணங்களிலிருந்து எட்டக்கூடிய சிறந்த ஊகம் மட்டுமே. உமர் (ரழி) அவர்கள், உறவினரான வழக்காளிகளைச் சமாதானத்துக்குத் திருப்பி அனுப்புமாறும், தீர்ப்பு மனங்களில் பகையை விதைத்துவிடும் என்றும் சொன்னதாக வரும் செய்தியின் அனுபவ உண்மை இங்கேதான் இருக்கிறது. ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளுகிற, தொழுகையில் ஒரே ஸஃப்பில் நிற்கிற இருவருக்கு, யார் வென்றார் என்பதைவிட நாளைக்கும் முகம் பார்க்க முடிவது பெரியது. சுல்ஹின் நியாயம் இதுதான். அதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை.

ஆனால் நபியவர்கள் சுல்ஹை எப்படிச் செய்தார்கள் என்று பார்க்கும்போதுதான் அதன் உள்கட்டமைப்பு தெரிகிறது. கஃப் இப்னு மாலிக் (ரழி), தமக்கு வரவேண்டிய கடனை இப்னு அபீ ஹத்ரத் (ரழி) அவர்களிடம் பள்ளிவாசலுக்குள்ளேயே கேட்டார். குரல்கள் உயர்ந்தன. வீட்டுக்குள் இருந்த நபியவர்கள் திரையை விலக்கி, கஃபை அழைத்து, பாதியைத் தள்ளிவிடும்படி கையால் சைகை காட்டினார்கள். அவர் சம்மதித்தார். உடனே கடன்பட்டவரிடம் திரும்பி, எழுந்து மீதியைக் கொடுத்துவிடும்படி சொன்னார்கள். புகாரியில் பதிவான இந்தச் சிறு காட்சியில் மூன்று விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. கடன் உண்டு என்பதில் அங்கே சர்ச்சை இல்லை. விட்டுக்கொடுக்கும்படி கேட்கப்பட்டவர் உரிமை உள்ளவர். அவர் விடுவது தன் கையில் இருக்கும் ஒன்றை. மூன்றாவதாக, அவர் விட்ட கையோடு மற்றவர் மேல் உறுதியான கடமை விழுந்தது. நம் ஊர்ப் பேச்சுவார்த்தைகளில் முதல் பாதி நடக்கிறது, இரண்டாம் பாதி நின்றுபோகிறது. பாதியை விடச் சொல்லும் பெரியவர்கள், மீதியை இன்றைக்கே வை என்று எழுந்து நின்று சொல்வது அரிது.

இரண்டாவது சம்பவம் தண்ணீரைப் பற்றியது. அதனால் சம்மாந்துறை, நிந்தவூர் வயற்காரருக்கு அது இன்னும் நெருக்கமாகத் தெரியும். மதீனாவின் ஹர்ராப் பகுதியில் ஓடிய வாய்க்காலில் ஸுபைர் (ரழி) அவர்களின் தோட்டம் மேலே, அன்ஸாரி ஒருவரின் தோட்டம் கீழே. மேல் வயற்காரன் மடையை அடைத்தால் கீழ் வயல் காயும். வயல் வேலைகளை மேற்பார்க்கும் எந்த வட்டைவிதானையிடம் கேட்டாலும் இந்தத் தகராறின் முகம் அவருக்குத் தெரிந்திருக்கும். நபியவர்கள் முதலில் ஸுபைரிடம், உன் மரங்களுக்குப் பாய்ச்சிவிட்டு அயலவருக்குத் திறந்துவிடு என்று இருவருக்கும் இலேசான ஒரு வழியைச் சொன்னார்கள். அன்ஸாரி அதை ஏற்கவில்லை. ஸுபைர் உங்கள் மாமி மகன் என்பதால்தானே இப்படி என்று சொல்லிவிட்டார். நபியவர்களின் முகம் மாறியது. பிறகு, தண்ணீர் வரப்பு மட்டத்துக்கு ஏறும்வரை நிறுத்திவைக்க ஸுபைருக்கு இருந்த முழு உரிமையையும் தீர்ப்பாகவே வழங்கினார்கள். இமாம் புகாரி இதைச் சுல்ஹைப் பற்றிய பகுதியிலேயே சேர்த்திருக்கிறார். சமாதானம் மறுக்கப்பட்டால் தெளிவான தீர்ப்பு வர வேண்டும் என்பதே அந்த இடத்துக்கு அவர் தந்த தலைப்பின் கருத்து. ஸுபைருடைய முழு உரிமை எவ்வளவு என்பது சமாதானம் பேசப்பட்ட போதே அங்கே தெரிந்திருந்தது. அவர் எதை விட்டுக்கொடுக்கும்படி கேட்கப்பட்டார் என்பது அதனால்தான் தெளிவாக இருந்தது. பின்னால் தீர்ப்பு என்ற ஒன்று நிற்காவிட்டால், முன்னால் வைக்கப்பட்ட யோசனைக்கு எந்த எடையும் இருந்திருக்காது.

இதே கவலையைத்தான் நம் மத்ஹபின், அதாவது நாம் பின்பற்றும் சட்ட மரபின், இமாம் சட்டமாக்கினார் என்று நினைக்கிறேன். கிழக்கிலங்கை முஸ்லிம்கள் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். ஆனால் சுல்ஹு விஷயத்தில் அந்த மத்ஹபின் மிகக் கடுமையான நிலைப்பாட்டை நாம் ஊர்ப் பேச்சில் நினைவுகூர்வதே இல்லை. பிரதிவாதி கோரிக்கையை மறுத்து நிற்கும் நிலையில் செய்யப்படும் சமாதான ஒப்பந்தம் செல்லாது என்பது இமாம் ஷாபிஈ அவர்களின் கருத்து. காரணம் எளிது. கேட்பவர் பொய்யராக இருந்தால் அவர் தனக்கில்லாததை வாங்குகிறார். மெய்யராக இருந்தால், தன் சொந்தப் பொருளில் ஒரு பகுதியைப் பெறுவதற்காக மறுபகுதியைப் பறிகொடுக்கிறார். எப்படிப் பார்த்தாலும் ஒருவர் மற்றவரின் பொருளை உரிமையின்றி உண்கிறார். இமாம் அபூஹனீஃபா அவர்களோ நேர் எதிர்ப் பக்கம் நின்றார்கள். மறுப்பு இருக்கும் இடத்தில்தான் சமாதானத்துக்கு மிகப் பெரிய தேவை. ஒப்புக்கொண்டவர் கொடுத்துவிட்டுப் போகலாமே, அவருக்குச் சமாதானம் எதற்கு? வழக்கின் அலைச்சலையும் சத்தியம் செய்யும் சுமையையும் விலைகொடுத்து விலக்கிக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு. மாலிக்கிகளும் ஹன்பலிகளும் இதன் பக்கமே. நடைமுறை வாழ்க்கைக்கு ஹனஃபிகளின் வழி பொருந்துகிறது என்பதை மறுக்க முடியாது. இன்றைய மத்தியஸ்தம் அனைத்தும், யாரும் எதையும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை என்ற அடித்தளத்தில்தான் நிற்கிறது. இருந்தாலும் ஷாபிஈ இமாமின் எச்சரிக்கையைத் தூக்கி எறிய எனக்கு மனமில்லை. உண்மை எது என்று தேடவே தேடாமல் இரண்டு தொகைக்கு நடுவில் ஒரு தொகையைப் பிடித்துவைப்பது நீதி ஆகாது என்று அவர் நம்மை நிறுத்திச் சொல்கிறார். பத்து கேட்டவனுக்கும் ஒன்றுமில்லை என்றவனுக்கும் ஐந்து என்று முடித்தால், அதிகமாகக் கேட்பவனும் துணிந்து மறுப்பவனும்தான் ஒவ்வொரு முறையும் ஆதாயம் பெறுவார்கள்.

அரசின் மத்தியஸ்த சபைகளை இந்த அளவுகோலால் பார்த்தால் அவற்றின் வடிவமைப்பில் நல்லவை பல இருக்கின்றன. இந்த நாட்டுக்கு இத்தகைய சபைகள் புதியவையுமல்ல. ஆங்கிலேயர் 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் பழைய கிராமச் சபைகளுக்குப் புதிய உருவம் கொடுத்தார்கள். 1958ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இணக்க சபைகளைக் கொண்டுவந்தது. அவற்றுக்கு ஆட்களை நியமிப்பதில் கட்சி அரசியல் புகுந்தது என்ற குற்றச்சாட்டு பெருகி, 1978இல் அவை ஒழிக்கப்பட்டன. பத்தாண்டு கழித்து, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் மத்தியஸ்த சபைகளை உருவாக்கியது. நம் பகுதியில் இன்றும் பலர் அதை இணக்கசபை என்றே சொல்கிறார்கள். தொடக்கத்தில் 25,000 ரூபாயாக இருந்த பணப் பெறுமதி எல்லை 2016ஆம் ஆண்டின் திருத்தத்தில் 5 இலட்சமானது. சட்டம் குறிக்கும் எல்லைக்குட்பட்ட பிணக்குகள் முதலில் சபைக்குப் போக வேண்டும். இணக்கம் வராவிட்டால் சபை தரும் சான்றிதழோடுதான் நீதிமன்றம் ஏறலாம். மத்தியஸ்தர் குழாமிலிருந்து ஒவ்வொரு தரப்பும் ஒருவரைத் தெரிவுசெய்ய, அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவுசெய்கிறார்கள். சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை. சபை தீர்ப்புச் சொல்வதில்லை. கணவன் பக்கத்திலிருந்து ஒருவர், மனைவி பக்கத்திலிருந்து ஒருவர் என்று சூரத்துன் நிஸாவின் 35ஆவது வசனம் காட்டும் அமைப்போடு இதற்கு இருக்கும் ஒற்றுமை கண்ணில் படுகிறது. எனக்கு இதில் மிக முக்கியமானது அந்த இணக்கமின்மைச் சான்றிதழ்தான். ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போகும் உரிமையை அந்த ஒற்றைத் தாள் எழுத்தில் தருகிறது. இன்னொன்றும் உண்டு. கல்முனையில் வாய்க்காலின் ஒரு கரை முஸ்லிமுடையது, மறு கரை தமிழருடையது என்பது சாதாரணம். அந்தத் தகராறைப் பள்ளிவாசலும் தீர்க்க முடியாது, கோயில் நிருவாகமும் தீர்க்க முடியாது. இரு சமூகத்தவரும் அமரும் ஒரு பொதுச் சபைதான் அதற்கு வேண்டும்.

ஊருக்குள் நடக்கும் மத்தியஸ்தத்துக்கு இந்தச் சான்றிதழ் இல்லை. என் கவலை முழுதும் அங்கேதான். கிழக்கின் பள்ளிவாசல்களுக்கு, குடிவழி மரைக்காயர்கள் அமர்ந்து பிணக்குத் தீர்க்கும் நெடிய மரபு உண்டு. தாய்வழியில் எண்ணப்படும் குடிகள், குடிக்கு ஒரு மரைக்காயர், அவர்கள் சேர்ந்த சபை என்ற அந்த அமைப்பு இலங்கையின் மற்றப் பகுதி முஸ்லிம்களிடம் இந்த அளவு இல்லை. இன்று நம்பிக்கையாளர் சபை அந்த இடத்தில் இருக்கிறது. எத்தனையோ சண்டைகளை அது பொலிஸ் வாசலுக்குப் போகாமல் தடுத்திருக்கிறது. ஆனால் அங்கே அமர்பவர்கள் ஆண்கள். எதிரில் நிற்பவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கும்போது, பிள்ளைகள் முகத்தைப் பார், குடும்ப மானத்தைப் பார், பொறுத்துப் போ என்ற சொற்கள் ஒரே பக்கம் நோக்கித்தான் பாய்கின்றன. இத்தனைக்கும் கிழக்கில் வீடு பெண்ணின் பெயரில் இருப்பது வழக்கம். சீதனமாக அவளுக்கு வந்த வீட்டுக்குத்தான் கணவன் வந்து குடியேறுகிறான். கையில் வீடு இருக்கும் பெண்ணுக்கே இப்படி என்றால், அதையும் கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்துவிட்டு நிற்கிறவள் நிலை என்ன?

முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் சமரசத்தை நம்பியே கட்டப்பட்டது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கமான அந்தச் சட்டத்தின்படி, தலாக் சொல்ல விரும்பும் கணவன், முஸ்லிம்களின் மணப் பிணக்குகளை விசாரிக்கும் காதிக்கு அறிவிக்க வேண்டும்; காதி உறவினர், ஊர்ப் பெரியோர் துணையோடு இருவரையும் சேர்த்துவைக்க முயல வேண்டும். காதியாகப் பெண் நியமனம் பெற முடியாது. வழக்குப் பேசச் சட்டத்தரணிகளுக்கு அங்கே அனுமதியில்லை. இதைச் சீர்திருத்த 2009இல் நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு, 2018இல்தான் தன் அறிக்கையைக் கையளித்தது. அதுவும் ஒரே குரலில் இல்லை. அந்த விவாதத்தின் எல்லாக் கிளைகளுக்குள்ளும் இங்கே போகப்போவதில்லை. எந்தத் தரப்பில் நிற்பவரும் ஏற்கக்கூடிய ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சேர்த்துவைக்கும் முயற்சி என்றால் என்ன? அலீ (ரழி) அவர்களிடம் ஒரு கணவனும் மனைவியும் தத்தம் கூட்டத்தாரோடு வந்த செய்தியை இமாம் ஷாபிஈ தம் நூலான அல் உம்மில் பதிந்திருக்கிறார். சேர்த்துவைப்பது சரியென்று கண்டால் சேருங்கள், பிரிப்பது சரியென்று கண்டால் பிரியுங்கள் என்று அலீ அவர்கள் இரு நடுவர்களுக்கும் சொன்னார்கள். மனைவி அல்லாஹ்வின் வேதம் எப்படிச் சொன்னாலும் ஏற்பதாகச் சொன்னாள். கணவனோ பிரிவை ஏற்கமாட்டேன் என்றான். அவள் ஒப்புக்கொண்டதைப் போல நீயும் ஒப்புக்கொள்ளாமல் போக முடியாது என்று அலீ அவர்கள் அவனைக் கடிந்துகொண்டார்கள். முடிவை முன்கூட்டியே ஒரு பக்கத்தில் பூட்டிவைத்துவிட்டு நடத்தும் பேச்சை அவர்கள் மத்தியஸ்தமாகக் கருதவில்லை.

இதற்கெல்லாம் மேலான சான்று ஓர் அடிமைப் பெண்ணிடமிருந்து வருகிறது. பரீரா (ரழி) விடுதலை பெற்றாள். அவள் கணவன் முகீஸ் இன்னும் அடிமை. ஆகவே திருமணத்தில் தொடர்வதா விலகுவதா என்று தெரிவுசெய்யும் உரிமை அவளுக்கு வந்தது. அவள் விலகினாள். முகீஸ் மதீனாவின் தெருக்களில் அவள் பின்னால் அழுதுகொண்டே நடந்தார். கண்ணீர் தாடியில் வழிந்தது. அதைப் பார்த்து இரங்கிய நபியவர்கள், நீ அவரிடம் திரும்பிப் போகலாமே என்று பரீராவிடம் கேட்டார்கள். அவள் ஒரு கேள்வி கேட்டாள்: இது தங்கள் கட்டளையா? கட்டளை இல்லை, பரிந்துரைதான் என்றார்கள். அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை என்றாள். பேச்சு அத்துடன் முடிந்தது. உலகத்திலேயே மிக உயர்ந்த மத்தியஸ்தர் பேசுகிறார். எதிரில் நிற்பவள் நேற்றுவரை அடிமையாக இருந்தவள். இரக்கத்துக்குரியவனாகக் கணவன் கண்ணெதிரே நிற்கிறான். இத்தனைக்குப் பிறகும் அவளுடைய மறுப்பு மறுப்பாகவே ஏற்கப்பட்டது. இந்த ஹதீஸை அறிந்த ஒரு சமூகத்தில், பள்ளிவாசல் சபையில் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்த பெண்ணை ஊருக்கு அடங்காதவள் என்று பேசுவதற்கு யாருக்கு உரிமை இருக்கிறது?

எதிர்வாதங்கள் உண்டு, அவை இலேசானவையும் அல்ல. முதலாவது, நீதிமன்றக் கதவு திறந்திருப்பதாகச் சொல்வதே ஏழைக்கு வெறும் பேச்சு என்பது. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவருக்கு, வருடக்கணக்கில் தவணைக்கு அலைய நாளில்லாத கூலித் தொழிலாளிக்கு, கிடைத்த பாதியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதுதானே நடைமுறை? இதில் பெரும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை எதிர்த் தரப்புக்கும் தெரியும் என்பதுதான் சிக்கல். அவளால் வழக்குப் போட முடியாது என்று தெரிந்தவன் பாதிகூடத் தரமாட்டான், கால்வாசியில் நிற்பான். வாசல் திறந்திருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்தால், அதைத் தாண்டாமலேயே அவளுக்கு வலிமை வருகிறது. ஆகவே 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடும் வழியை அவளுக்குக் காட்டிக்கொடுப்பது சமாதானத்தைக் கெடுக்கும் வேலை ஆகாது. நல்ல சமாதானத்துக்கு அது முதற்படி.

இரண்டாவது, உரிமையைப் பற்றிப் பேசினால் சூடு ஏறும், சமாதானம் உடையும் என்பது. அனுபவமுள்ள மத்தியஸ்தர்கள் சட்டப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் கஃப் தம் கடன் எவ்வளவு என்று அறிந்திருந்தார். ஸுபைருக்கு உரிய தண்ணீர் எவ்வளவு என்பதும் அங்கே தெரிந்திருந்தது. தனக்கு உரியது எவ்வளவு என்று தெரியாதவர் எதையும் விட்டுக்கொடுக்க முடியாது. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள மட்டுமே முடியும். மார்க்க நோக்கில் இது இன்னும் ஆழமானது. விட்டுக்கொடுப்பவருக்கு நன்மை எழுதப்படுகிறது என்று நாம் சொல்கிறோம். அறியாமல் இழந்ததற்கு எந்த நன்மையை எழுதுவது?

மூன்றாவது எதிர்வாதம் நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. அல்லாஹ்வின் சட்டம் தெளிவாக இருக்கும்போது மனிதர்கள் உட்கார்ந்து பேரம் பேசுவது சரியா? கி.பி. 657இல் ஸிஃப்பீன் போருக்குப் பிறகு நடுவர்களை ஏற்றுக்கொண்டதற்காக அலீ அவர்களை விட்டுப் பிரிந்த காரிஜிய்யாக்கள் இதையேதான் கேட்டார்கள். அவர்களிடம் வாதிடச் சென்ற இப்னு அப்பாஸ் (ரழி), கணவன் மனைவி பிணக்கிலும், இஹ்ராமில் கொன்ற வேட்டைப் பிராணிக்கு ஈடு சொல்வதிலும் குர்ஆனே மனிதர்களை நடுவர்களாக்கியிருப்பதை எடுத்துக்காட்டினார்கள். பேரத்துக்கு எல்லை இருக்கிறது என்பது வேறு விஷயம். ஹராமை ஹலாலாக்காத, ஹலாலை ஹராமாக்காத சுல்ஹுதான் செல்லும் என்று ஹதீஸ் வரையறுக்கிறது. ஒருவர் தன் சொந்த உரிமையை விடலாம். பிறர் உரிமையை விட முடியாது. அநாதையின் சொத்தைப் பொறுப்பாளர் தன் தாராள மனத்தால் கரைக்க முடியாது. பிள்ளைகளின் தாபரிப்பைத் தாயும் தகப்பனும் தங்களுக்குள் பேசித் தள்ளிவிட முடியாது. அடித்துக் காயப்படுத்திய கணவனோடு வீட்டுக்குப் போ என்று ஒரு பெண்ணை அனுப்புவது சமாதானமே இல்லை. 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்க அவளுக்கு இருக்கும் வழியை அது மூடுகிறது.

அந்த வழிகள் மூடப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அக்கரைத் தமிழ்நாடு நல்ல சான்று. பஞ்சாயத்து என்பது அங்கே ஒருகாலத்தில் மரியாதையான சொல். கட்டப் பஞ்சாயத்து என்ற சொல் இன்று மிரட்டிப் பறிப்பதன் பெயராகிவிட்டது. ஆறுமுக சேர்வை வழக்கில் 2011 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம், சாதி மாறி மணம் செய்தவர்களைத் தண்டிக்கும் அத்தகைய சபைகள் முற்றிலும் சட்டவிரோதமானவை, அவற்றை ஒழிக்க வேண்டும் என்றது. மரத்தடியில் அமர்ந்த பெரியவர்கள் எல்லாரும் தீயவர்களாக இருந்ததால் அப்படி ஆகவில்லை. மறுத்துவிட்டு எழுந்து போக முடியாத ஓர் இடத்தில் அதிகாரம் சேர்ந்தால், எவ்வளவு நல்லவர்கள் கையிலும் அது அந்தத் திசையில்தான் சரியும்.

ஆகவே நம்பிக்கையாளர் சபைகளில் அமரும் பெரியவர்களிடமும், காதிமாரிடமும், மத்தியஸ்த சபைகளில் விடுமுறை நாளைச் செலவிட்டு உழைக்கும் சகோதரர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பிணக்கு உங்கள் முன் வரும்போது, பொறுத்துப் போங்கள் என்று சொல்வதற்கு முன் இரு தரப்பிடமும் இரண்டு விஷயங்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். சட்டப்படியும் ஷரீஅத்படியும் உங்களுக்கு உரியது இவ்வளவு. நாங்கள் சொல்வது பரிந்துரைதான்; கட்டளை இல்லை. எதிரில் இருப்பவர் ஒரு பெண்ணாக இருந்தால், அவருக்கு நம்பிக்கையான ஒரு பெண்ணைப் பக்கத்தில் இருக்க விடுங்கள். பேசி முடிந்ததை எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள். அதன் பிறகு, தர வேண்டியவரைப் பார்த்து, எழுந்து இப்போதே கொடுங்கள் என்று சொல்லுங்கள்.